ஏரி வற்றும்போது போங்கள்

மூங்கில் கழி வெட்டி, நரம்பு கட்டி, தக்கையும் ஈயக்குண்டும் மாட்டிக்கொண்டு கரையில் குந்தியிருந்தவர்களின் காலம் போய்விட்டது. இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் தொழிற்பேட்டையிலும் ஷிஃப்ட் முடித்த பையன்கள் தோளில் கார்பன் ராடும் பையில் ரப்பர் தவளையுமாகப் பூண்டி ஏரிக்குக் கிளம்புகிறார்கள். முதல் தடவை போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் ஒரே வரிசையில் வரும்: எந்த ராடு, எத்தனை பவுண்டு பிரெய்டு நரம்பு, தவளை பச்சையா கறுப்பா. எந்த மாதம் என்று கேட்பவர்கள் குறைவு. ஏரி எத்தனை அடியில் இருக்கும்போது போகலாம் என்று கேட்பவர்கள் அநேகமாக இல்லை. தூண்டில் தொழிலில் இருப்பவர்கள் முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டியது அதைத்தான் என்பது என் கட்சி. பெரிய ஏரிக்கான முதல் பயணத்தை அது நிறைந்து அலையடிக்கும் தை மாதத்தில் வைக்கக் கூடாது. வற்றிக் கிடக்கும் வைகாசி, ஆனியில் வைக்க வேண்டும். அன்றைக்கு ராடு வீட்டிலேயே இருந்தாலும் நஷ்டமில்லை.

ஊர்க் குளத்தில் இந்த யோசனையெல்லாம் தேவைப்படாது. நான்கு கரையையும் ஒரு காலையில் சுற்றிவிடலாம். மீன் எங்கே இருந்தாலும் தூண்டில் எட்டிவிடும். பெரிய ஏரியில் தண்ணீரின் பெரும்பகுதி மீனுக்கே வேலையில்லாத வெளி. தரை ஒரே மட்டமாக, ஒரே சேறாக, மறைவுக்கு ஒரு கட்டையோ மேடோ இல்லாமல் கிடக்கும் இடத்தில் வேட்டை மீன் தங்காது. அதற்கு ஓரம் வேண்டும்: ஆழமும் மேடும் சந்திக்கிற ஓரம், செடியும் வெறுந்தரையும் சந்திக்கிற ஓரம், சேறும் சரளையும் சந்திக்கிற ஓரம். ஏரி நிறைந்திருக்கையில் இந்த ஓரங்கள் எல்லாம் ஒரே பழுப்புப் பரப்புக்கு அடியில் போய்விடும். கரையில் நிற்பவருக்குத் தெரிவது கரையின் ஓரம் ஒன்றுதான். அதனால்தான் முதல் தடவை போகிறவர்கள் எல்லோரும் பைக் நிறுத்த வசதியான அதே மூன்று நான்கு இடங்களில் நின்று, அதே தண்ணீரை அடித்து அடித்துக் கலக்கிவிட்டு வருகிறார்கள்.

பூண்டி இயற்கை ஏரி அல்ல. கொசஸ்தலை ஆற்றை மறித்து 1944-இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம். சென்னை மேயராக இருந்து இதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தி அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1943-இலேயே காலமாகிவிட்டார். அணைக்குப் பெயர் மட்டும் சத்தியமூர்த்தி சாகர். அதாவது இந்த ஏரியின் தரை எண்பது வருஷத்துக்கு முன்னால் வயலாக, வண்டிப்பாதையாக, ஊராக இருந்த நிலம். கண் இழந்து வந்த சுந்தரருக்கு ஊன்றுகோல் கொடுத்த தலமான திருவெண்பாக்கம் இந்த நீருக்குள்தான் போனது. கோயிலைப் பெயர்த்து வந்து பூண்டியில் எழுப்பினார்கள். கோயிலைப் பெயர்க்கலாம். ஆற்றின் பழைய வழியையும் கிணற்று மேட்டையும் வரப்பையும் யாரும் பெயர்க்கவில்லை. அவை அப்படியே மூழ்கின. மீனுக்கு வேண்டிய ஓரங்கள் இவைதான். நிலமாக இருந்தது என்பதால், நீர் இறங்கும்போது அது மறுபடி நிலமாகத் தன்னைக் காட்டும். என் வாதத்தின் அஸ்திவாரம் இவ்வளவுதான்.

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து மில் லாக்ஸ் ஏரியை ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். சுமார் 536 சதுர கிலோமீட்டர் பரப்பு, அதிகபட்ச ஆழம் 42 அடிதான். வால்-ஐ என்ற மீனுக்கும் ஸ்மால்மவுத் பாஸ் என்ற மீனுக்கும் பேர்போன ஏரி அது. ஸ்மால்மவுத் பாறையையும் சரளையையும் சார்ந்து வாழும். வால்-ஐயின் கண்ணுக்குள் பின்பக்கமாக, பூனைக் கண்ணில் இருப்பது போல, ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. மங்கல் வெளிச்சத்தில் இரை மீன் தடுமாறும்போது வால்-ஐக்குத் தெளிவாகத் தெரியும். அதனால் அங்கே முதல் பயணம் போகிறவர்கள் பகலில் பாறைத் திட்டுகளில் பாஸ், பொழுது சாய்ந்ததும் திட்டு இறங்கும் சரிவுகளில் வால்-ஐ என்று நாளை இரண்டாகப் பிரித்துக்கொள்வார்கள். திட்டு எங்கே, சரிவு எங்கே என்பதற்கு அந்த மாநில இயற்கை வளத் துறை வெளியிடும் ஆழ வரைபடம் இருக்கிறது. பனியாறு உருவாக்கிய ஏரி, அது வற்றுவதில்லை. ஆகவே அவர்களுக்கு வரைபடம் இல்லாமல் வழியில்லை. தூண்டில்காரர் கையில் அப்படியொரு படம் பூண்டிக்கு இல்லை. ஆனால் மில் லாக்ஸ் செய்யாததை நம் ஏரி செய்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை தன் படத்தைத் தானே தரையில் விரித்துப் போடுகிறது.

ஏன் வற்றுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் எப்போது போவது என்று கணக்குப் போட முடியும். பூண்டியின் முழு உயரம் 35 அடி, கொள்ளளவு 3231 மில்லியன் கன அடி. இந்தத் தண்ணீர் இங்கே தங்குவதற்காக வருவதில்லை; கால்வாய் வழியாகச் சோழவரம், புழல் பக்கமும் செம்பரம்பாக்கம் பக்கமும் போய்க்கொண்டே இருக்கும். வெயில் குடிப்பது ஒரு பக்கம், நகரம் குடிப்பது ஒரு பக்கம். வரத்தும் இரண்டு வகை. வடகிழக்குப் பருவமழையில் ஆறு கொண்டுவருவது ஒன்று. ஆந்திராவோடு போட்ட 1983 ஒப்பந்தப்படி கண்டலேறு அணையிலிருந்து வந்து, ஊத்துக்கோட்டை ஜீரோ பாயின்டில் தமிழக எல்லையைத் தொட்டு, 1996 முதல் பூண்டிக்கு இறங்கும் கிருஷ்ணா நீர் இன்னொன்று. ஒப்பந்தக் கணக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4 டிஎம்சி, ஜூலை முதல் அக்டோபர் வரை 8 டிஎம்சி. கணக்கில் விடுபட்ட கோடை மாதங்கள் மே, ஜூன். இந்த அட்டவணைப்படி தண்ணீர் வந்துவிடுவதில்லை என்பது திருவள்ளூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் அந்த இடைவெளி பொதுவாக நிற்கிறது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் எல்லாம் தரை தட்டியபோது பூண்டியும் தட்டியது. அவ்வளவு வறட்சி நமக்குத் தேவையில்லை. நாளிதழில் தினமும் வரும் ஏரி நிலவரத்தில் பூண்டி 20 அடிக்குக் கீழே இறங்கினாலே போதும். ஏரி கிண்ணம் மாதிரி. மேல் அடிகள் அகலம், கீழ் அடிகள் குறுகல். உயரத்தில் பாதி குறைந்தால் பரப்பில் பாதிக்கும் மேலே தரை தெரியும்.

அந்தத் தரையில் என்ன பார்ப்பது? முதலில் ஆறு. ஏரிக்குள் கொசஸ்தலையின் பழைய வழி, சுற்றியுள்ள களித்தரையைவிடத் தாழ்வாக, வளைந்து ஓடும். கடைசியாக வற்றும் நீர் அதில்தான் தேங்கும். நிறையும்போது முதலில் உயிர் பெறுவதும் அதுதான். அது கரையை எங்கே நெருங்குகிறது என்று ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஆழமும் கரையும் கைக்கு எட்டும் தூரத்தில் சேரும் இடம் பெரிய ஏரியில் அபூர்வம். அடுத்தது வரப்பும் பழைய கரைகளும். ஒரு அடி உயரம் இருந்தாலும் மீனுக்கு அது சுவர். மூன்றாவது மண். களிமண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும். அதே தரையில் பத்து எட்டு தள்ளி வெடிப்பே இல்லாமல் பொடிச் சரளை கிடக்கும். இரண்டும் சந்திக்கும் கோட்டைக் காலாலேயே உணரலாம். நான்காவது, பலரும் மிதித்துக்கொண்டு போகிற ஒன்று: இட்லித் தட்டில் குழி போட்டது போல வரிசையாக, ஒன்றுக்கொன்று ஒட்டி, வட்டமான ஆழமில்லாத பள்ளங்கள். மாட்டுக் குளம்பு அல்ல, மழைக் குழியும் அல்ல. ஜிலேபிக் கெண்டையின் ஆண் வாயாலும் வாலாலும் பறித்த கூடுகள். 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவந்த இந்த ஆப்பிரிக்க மீன் இன்று நம் ஏரிகளில் ஊர்க்காரராகவே ஆகிவிட்டது. கூடு இருக்கும் மட்டத்தில் தண்ணீர் நின்ற நாட்களில் ஜிலேபி அங்கே கூட்டமாக இருந்தது என்பதற்கு அது கையெழுத்து. ஜிலேபிக் குஞ்சு இருக்கும் இடத்தை விரால் சும்மா விடாது.

பார்த்ததை எண்ணாக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏரி நிறைந்த பிறகு அந்த ஞாபகம் பயன்படாது. இதற்கு ஒரு பாதி நிறைந்த தண்ணீர் பாட்டில் போதும். மேஸ்திரிகள் டியூபில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்ப்பது போலத்தான் இதுவும். நீர் விளிம்பில் நின்று பாட்டிலைப் படுக்கையாகக் கண்ணுக்கு நேரே பிடியுங்கள். உள்ளே இருக்கும் தண்ணீரின் மேற்கோடு எவ்வளவு ஆட்டினாலும் மட்டமாகத்தான் வந்து நிற்கும். அந்தக் கோட்டோடு மேட்டுப் பக்கம் பார்வையை ஓட்டினால் எந்தக் கல்லில், எந்தச் செடியின் அடியில் போய் முட்டுகிறதோ, அந்த இடம் நீர் மட்டத்தைவிட உங்கள் கண் உயரம் மேலே இருக்கிறது. ஐந்து அடி என்று வைத்துக்கொள்வோம். அங்கே நடந்துபோய் மறுபடி பிடித்தால் பத்து அடி. அன்றைய நாளிதழில் பூண்டி 17 அடி என்று இருந்தால், முதல் இடம் 22, இரண்டாவது 27. இனி வருஷம் முழுக்க நாளிதழைப் பார்த்தே ஏரிக்குள் பார்க்கலாம். கார்த்திகையில் ஏரி 29 அடி என்று செய்தி வந்தால், 27-இல் இருந்த அந்தச் செடிப் புதரின் அடியில் இரண்டடித் தண்ணீர். ரப்பர் தவளைக்கு அளவெடுத்துத் தைத்த இடம். 22-இல் இருந்த வரப்பின் மேல் ஏழடித் தண்ணீர். அங்கே தவளை வீண், எடை கட்டிய இரை வேண்டும். அணையின் அளவுகோலில் பூஜ்யம் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிய வேண்டியதே இல்லை. வித்தியாசம் மட்டும்தான் கணக்கு.

இங்கே ஒரு கேள்வி எழும். போனில் இணைக்கும் சோனார் பந்து கடையில் கிடைக்கிறது. கூகுள் எர்த்தில் பழைய வருஷக் கோடைப் படங்களைப் புரட்டினால் வற்றிய ஏரி வீட்டிலேயே தெரிகிறது. பிறகெதற்கு வெயிலில் நடக்க வேண்டும்? இரண்டாவதை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். செயற்கைக்கோள் படம் அருமையான ஆரம்பம். ஆற்றின் வளைவு, பெரிய கரைகள், கடைசியாக நீர் தேங்கும் பள்ளம் எல்லாம் அதில் தெரியும். நடப்பதற்கு முன் அதைப் பார்க்காமல் போவதுதான் மடத்தனம். ஆனால் அது மேலிருந்து பார்த்த படம். ஒரு அடி வரப்பின் உயரமோ, காலடியில் இருப்பது சரளையா வண்டலா என்பதோ அதில் தெரியாது. சோனார் பந்து வேறு ரகம்; அது நேர் கீழே இருப்பதை மட்டும் சொல்லும். கரையிலிருந்து வீசி இழுத்து, கோடு கோடாக இத்தனை பெரிய ஏரியைத் தடவிப் பார்ப்பது, இருட்டறையில் தீக்குச்சி கிழித்துக் கிழித்து ஊசி தேடுவது மாதிரி. எங்கே தடவுவது என்று தெரிந்த பிறகுதான் சோனாருக்கு மரியாதை.

கோடையில் மீனெல்லாம் கொஞ்ச நீரில் ஒதுங்கிக் கிடக்கிறதே, அப்போதே பிடித்துவிட்டால் என்ன என்பது அடுத்த கேள்வி. இதில் நியாயம் இருப்பது போலத் தோன்றும். மீன் அடர்ந்திருப்பது உண்மை. தூண்டில் எடுக்குமா என்பது வேறு. சூடேறிய ஆழமில்லாத நீரில் கரைந்த உயிர்க்காற்று குறைவு. விராலும் கெளுத்தி இனங்களில் சிலவும் மேலே வந்து காற்றைக் குடித்துச் சமாளிக்கும். கட்லாவும் ரோகுவும் விடியற்காலையில் வாயைப் பிளந்து திணறும். அந்த மீனை இழுத்துப் போராட விட்டுத் திரும்ப விட்டால், நீந்திப் போவது போலப் போய்ச் செத்து மிதக்கும். அதோடு நீர் இறங்கும் காலம் பரிசலும் வலையுமாகப் பிழைப்பவர்களுக்கு அறுவடைக் காலம். பொழுதுபோக்குக்கு வந்தவர் அந்தக் கடைசிக் குட்டையில் ராடோடு நிற்பது அழகல்ல. இதைச் சொன்னால் சில இளைஞர்களுக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

வாரத்தில் ஒரே லீவு, அதையும் மீன் பிடிக்காமல் செலவழிக்கச் சொல்வதா என்பது கோபத்தோடு வரும் கேள்வி, ஆனால் நேர்மையானது. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் பார்க்கிறவருக்கு ஞாயிறு என்பது சாதாரணமா? பதில் கூட்டல் கழித்தலில் இருக்கிறது. படம் இல்லாமல் போகிறவர் தை, மாசி ஞாயிறுகளில் பாதியை ஏரியைத் தேடியே தொலைக்கிறார். ஒரு காலை, ஐந்து மணியிலிருந்து ஒன்பது வரை நடந்தவர் மீதி எல்லா ஞாயிறையும் மீனுக்குக் கொடுக்கிறார். பெரிய ஏரிக்குப் பதிலாகக் கும்மிடிப்பூண்டி வட்டத்திலேயே 2020-இல் திறந்த கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் மாதிரி சின்னதில் பழகலாமே என்றால், தாராளமாக. 500 மில்லியன் கன அடி ஏரியில் கை பழகும். ஏரியைப் படிக்கப் பழகுவது வேறு. வெள்ளம் வந்தால் தரை மாறிவிடுமே என்பவர்களுக்கு: 2015 டிசம்பர் மாதிரி ஒரு வெள்ளம் வண்டலைப் பரப்பும், செடியைப் பிடுங்கும். ஆற்றின் வழியும் பெரிய மேடும் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி நடந்துவிட்டு வந்தால் தீர்ந்தது.

நாளை இரண்டாகப் பிரிக்கும் அமெரிக்க வழக்கம் நமக்கும் பொருந்தும், மீன்கள்தான் வேறு. பகலுக்கு விரால். அது காற்றைக் குடித்தே ஆக வேண்டிய மீன், ஆகவே தன்னைக் காட்டிக்கொடுத்தே ஆக வேண்டும். செடி இடுக்கில் தண்ணீர் ‘ளக்’ என்று ஒரு தடவை விழுங்கி, ஒரு வளையம் விரிந்து, இரண்டு குமிழி மேலே வரும். ஜிலேபி மேயும்போது வரும் சின்னச் சின்னச் சுழிகளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வளையம் வந்த இடத்தில் தவளையைப் போடாமல், நாலடி தாண்டிப் போட்டு அதன் வழியாக இழுத்து வர வேண்டும். மழை தொடங்கியதும் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் ஒரு கம்பளம் போல மேலே மிதந்து நகர்வதைப் பார்த்தால் ராடை மடக்கிவிடுங்கள். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன. அப்போது தவளையைப் போட்டால் பசிக்காக அல்ல, கோபத்தில் கடிக்கும்; சுலபமாகக் கிடைக்கும். அதை எடுத்துவிட்டால் அந்தக் கம்பளம் முழுக்க அன்றைக்கே மற்ற மீன்களின் வயிற்றில். பொழுது சாய்ந்த பிறகு கெளுத்தி, இருந்தால் வாளை. இவை கண்ணை நம்புவதைவிட மீசையை நம்புபவை. ஆழத்திலிருந்து சரிவு ஏறி மேட்டுக்கு மேய வரும். ஆகவே பழைய ஆற்று வழி கரையை நெருங்கும் அந்தப் புள்ளிதான் மாலைக்கு.

பழவேற்காட்டில் இந்த வாதம் நிற்குமா என்று கேட்கலாம். அது வற்றும் ஏரி அல்ல, முகத்துவாரம் வழியாகக் கடலோடு மூச்சு விடும் உப்பங்கழி. அங்கே வருஷத்துக்கு ஒரு கோடை கிடையாது, ஒரு நாளைக்கு இரண்டு வத்தம், அதாவது நீர் இறக்கம், உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் நன்றாக இறங்கும்போது திட்டும் ஓடையும் தெரியும்; அதைப் பார்த்து வைத்துக்கொண்டு ஏற்றத்தில் கொடுவாவுக்கு நிற்கலாம். பூண்டியில் ஆறு மாதம் காத்திருப்பதை அங்கே ஆறு மணி நேரத்தில் முடித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. அங்கே நீர் வெறும் நீரல்ல, பாடு. எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று ஊர்களுக்குள் முறை வைத்து ஓடும் ஏற்பாடு தலைமுறைகளாக இருக்கிறது. யாருடைய முறையன்று நாம் நிற்கிறோம் என்று கேட்காமல் நிற்கக் கூடாது. ஏரியின் ஒரு பகுதி பறவைகள் சரணாலயம் என்பதும் நினைவிருக்கட்டும். பெரிய கொடுவா கிடைத்தால் விட்டுவிடலாம் என்பதற்குக் காரணம் கருணை மட்டும் அல்ல. அந்த இனம் முதலில் ஆணாக முதிர்ந்து பிறகு பெண்ணாக மாறும். பெருத்தவை எல்லாம் பெரும்பாலும் முட்டை சுமப்பவை.

பூண்டியிலும் கேட்டுக்கொண்டு போவதே முறை. நீர்த்தேக்கங்களில் மீன் பிடிக்கும் உரிமை மீன்வளத் துறையிடமோ, கூட்டுறவுச் சங்கத்திடமோ, குத்தகை எடுத்தவரிடமோ இருக்கும். மதகுகளின் பக்கம் யாருக்குமே அனுமதி கிடையாது. கோடை நடைக்கு உரிமைச் சீட்டு வேண்டாம், ஆனால் இரண்டு பேராகப் போக வேண்டும். மேலே காய்ந்து வெடித்த பாளம், அடியில் இடுப்பளவு சேறாக இருக்கலாம். வெடிப்பு அகலமாக இருக்கும் வரை தரை தாங்கும், வெடிப்பு மயிரிழையாகி நிறம் கறுத்தால் திரும்பிவிட வேண்டும். மண் எடுத்த குழிகளில் தேங்கிய நீர் ஆழம் காட்டாது. பரிசல்காரர் யாராவது கரையேறினால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து, நீங்கள் குறித்த இடங்களை அவரிடம் காட்டுங்கள். நீங்கள் பதினைந்து இடம் குறித்திருப்பீர்கள். பத்தை அடித்துவிட்டு, மீதி இருப்பதில் ஒன்றைத் தொட்டு, அதற்கு அவர் ஒரு பெயர் சொல்வார். எந்தப் படத்திலும் இல்லாத பெயர்; அதையும் அடி எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஐப்பசியில் ஒரு காலை, நாளிதழில் பூண்டி 29 என்று வரும்.